பொறி அக்காவின் பேரில் ஒரு கட்டிடம்

பொறி அக்கா அன்றைக்குச் சங்க மண்டபத்தில் எழுந்து நின்று பேசியிருக்க வேண்டாம் என்று இன்றும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். பேசியது தப்பு என்று அவர்கள் சொல்வதில்லை. அப்படிப் பேசிவிட்டு அவரே போய் மாட்டிக்கொண்டாரே என்றுதான்.

நானும் அவரும் பஸ்ஸுக்குப் பாடி கட்டும் ஒரே பட்டறையில் வேலை பார்த்தவர்கள். அவர் வெல்டர், நான் பெயிண்டர். அவர் ஒட்டிய சட்டத்தின் மேல்தான் என் பெயிண்ட் ஏறும். அதனால் அவர் வேலையும் எனக்குத் தெரியும், அவர் வாயும் எனக்குத் தெரியும்.

அவர் வெல்டரானதே தற்செயல். பட்டறையைக் கூட்டிப் பெருக்கத்தான் சேர்ந்தார். கல்யாணமாகி, ஒத்துவராமல், இரண்டு வருஷத்துக்குள் பிறந்த வீட்டுக்கே திரும்பியிருந்தார். அங்கே அப்பா அம்மா இல்லை. பள்ளிக்கூடம் போகும் தம்பி ஒருவன் மட்டும். ஒருநாள் பஸ்ஸின் கடைசி சீட்டுக்கு அடியில், ஆள் நுழைய முடியாத ஒரு மூலையில் ஒட்டு விட்டுப்போயிருந்தது. மேஸ்திரி குனிந்தும் படுத்தும் பார்த்துவிட்டு முழித்துக்கொண்டிருந்தார். அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு, எங்கே வைக்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள் என்று கேட்டு, வெல்டிங் ஹோல்டரை வாங்கிக்கொண்டு உள்ளே ஊர்ந்து போனார். வெளியே வரும்போது சட்டையில் நாலைந்து ஓட்டை. மறுநாள் அவரே ஹோல்டரைக் கேட்டு வாங்கினார். பொறி என்ற பட்டப்பெயர் அப்போது ஒட்டிக்கொண்டது. அது கையில் பறந்த பொறியா, வாயில் பறந்த பொறியா என்பதில் பட்டறைக்குள் இன்னும் தீர்ப்பு வரவில்லை.

தம்பி வளர்ந்தார். ஒரு டைல்ஸ் கடையில் பெட்டி தூக்கினார். பிறகு அந்தக் கடையிலேயே கணக்கெழுதினார். பிறகு சொந்தமாக ஒரு கடை, அதற்கப்புறம் இன்னொன்று. கடைத்தெருவில் அவரை டைல்ஸ்காரர் என்றுதான் சொல்வார்கள். கெட்ட மனிதர் இல்லை. அக்காவுக்குக் காய்ச்சல் என்றால் காரோடு வந்து நிற்பார். அக்கா வாடகைக்கு இருந்த வீட்டில் கூரை ஒழுகியபோது, வீட்டுக்காரர் கண்டுகொள்ளாததால், தானே ஆள் அனுப்பிச் சரிசெய்தார். அக்காவுக்கும் தம்பி என்றால் உயிர். அதனால்தான் பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவர் வந்து, கடைத்தெரு முனையில் ஒரு கட்டிடம் வாங்குகிறேன், வரிக்காக உன் பேரில் போட்டுக்கொள்கிறேன், நீ வந்து ஒரு கையெழுத்துப் போட்டால் போதும் என்றபோது, அக்கா அரைநாள் லீவு போட்டுவிட்டுப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். எங்கள் எல்லாருக்கும் அது தெரியும். நீங்கள் இப்போது பெரிய ஆள் என்று அன்று முழுக்கக் கிண்டல் செய்தோம். அக்காவும் சிரித்தார். அதற்கப்புறம் அந்தக் கட்டிடத்தைத் தாண்டிப் போகும்போதுகூட அவர் அதைத் திரும்பிப் பார்த்ததில்லை. அவர் மனசில் அது தம்பியுடையது.

எங்கள் பென்ஷன் அரசு தருவது. வேலை செய்யும் காலத்தில் சம்பளத்தில் பிடிப்பார்கள். கடை வைத்திருப்பவர்களும் கட்டுவார்கள். வயது வந்ததும் பெரியவர், சின்னவர் பார்க்காமல் எல்லாருக்கும் ஒரே அளவு வரும். நாங்கள் ஓய்வு பெற்ற பிறகு ஒரு வருஷம் அதை மாற்றப் போவதாக அறிவிப்பு வந்தது. வருமானமும் சொத்தும் ஒரு வரம்பைத் தாண்டினால் பாதி, ரொம்பத் தாண்டினால் ஒன்றுமில்லை. குடியிருக்கும் வீட்டுக்கு மட்டும் கொஞ்சம் சலுகை. மிச்சமாகும் பணத்தில் இல்லாதவர்களுக்குக் கூட்டித் தருவோம் என்றார்கள்.

ஓய்வு பெற்றவர்களைச் சங்கம் கூட்டியது. மண்டபத்தில் நிற்க இடமில்லை. முதலில் பேசியவர்களில் நானும் ஒருவன். எல்லாரிடமும் பிடித்தார்கள், எல்லாருக்கும் கொடுக்கட்டும் என்றேன். பணக்காரனிடம் வாங்க வேண்டியதை வரியில் வாங்கட்டும். யார் பணக்காரன் என்று வீடு வீடாகத் தேட ஆரம்பித்தால், தேடுகிறவன் முதலில் வந்து நிற்பது நம் வீட்டு வாசலில்தான் என்றேன். நல்ல கைதட்டல்.

அப்போதுதான் அக்கா எழுந்தார்.

"எங்க தெருவுல மூணு மாடி வீட்டுக்காரர் ஒருத்தர் இருக்காரு. அவருக்கும் எனக்கும் ஒரே நாள்ல ஒரே பணம் வருது. அவரு அத எடுக்கக்கூட பேங்குக்குப் போறதில்ல. நம்ம பட்டறை கேண்டீன்காரம்மா போன வருஷம் பஸ்ஸுக்குக் காசில்லாம ஆஸ்பத்திரிக்கு நடந்து போச்சு. அவருக்கு நிறுத்தி இதுக்குக் குடுன்னா, அதுல உங்களுக்கு எங்க வலிக்குது?"

பின்வரிசையிலிருந்து, இவளுக்கு இழக்க ஒன்றுமில்லை, பேசுகிறாள் என்று யாரோ முனகினார்கள். அக்கா திரும்பி, ஆமாம், ஒன்றுமில்லை, அதனால்தான் பேச வந்தேன் என்றார். மறுநாள் பேப்பரில் அவர் படத்தோடு அந்தப் பேச்சு வந்தது. தம்பியே போன் பண்ணி, பேப்பரில் வருமளவுக்குப் பெரிய ஆளாகிவிட்டாயே என்று சிரித்தாராம்.

சட்டம் வந்தது. எல்லாரும் சொத்து விவரம் எழுதித் தரச் சொன்னார்கள். அக்கா எழுதினார்: சொந்த வீடு இல்லை, நிலம் இல்லை, நகை ஒரு சங்கிலி. அந்தக் கட்டிடத்தை அவர் மறைக்கவில்லை. அவருக்கு அது நினைவிலேயே வரவில்லை. கேட்டால், பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜை எழுதச் சொன்னால் எழுதுவேனா என்பார்.

நாலாவது மாதம் பென்ஷன் வரவில்லை. கூடவே ஒரு நோட்டீஸ் வந்தது. வணிகக் கட்டிடம் ஒன்று இருப்பதை மறைத்ததாகவும், அதுவரை வாங்கிய தொகையைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்றும், விளக்கம் இருந்தால் விசாரணையில் வந்து சொல்லலாம் என்றும் அதில் இருந்தது. அக்கா அதை எடுத்துக்கொண்டு நேராக என் வீட்டுக்கு வந்தார். அவருக்கு வெல்டிங் வெளிச்சத்தில் ஒரு கண் ஏற்கனவே மங்கிப்போயிருந்தது. படித்துக் காட்டச் சொன்னார். நான் படித்தேன். அவர் அதை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு, ஆபீஸுக்குக் கூட வருகிறாயா என்று மட்டும் கேட்டார்.

பென்ஷன் ஆபீஸில் எங்கள் பேரைக் கூப்பிட்ட அதிகாரி சின்ன வயசுப் பெண். மேஜையில் கட்டுக் கட்டாகக் கோப்பு. கோபப்படவில்லை, அதட்டவில்லை. கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். கடைத்தெரு முனை, கீழே மூன்று கடை, மேலே ஒரு டியூஷன் சென்டர். உரிமையாளர் பேர் அக்காவுடையது.

"பேர்லதான்மா இருக்கு. கையில இல்ல" என்றார் அக்கா.

"எங்களுக்குப் பேர்தான்மா தெரியும். கை தெரியாது" என்றார் அந்தப் பெண். சொல்லிவிட்டு, அவருக்கே அது கஷ்டமாக இருந்திருக்க வேண்டும். குரலைத் தாழ்த்தி விளக்கினார். உண்மையான உரிமையாளர் வேறு ஒருவர் என்றால் அதை எழுதிக் கொடுக்கலாம். ஆனால் அவர் யார் என்று பேர் எழுத வேண்டும். அவர் மேல் விசாரணை போகும். பேரை இரவல் கொடுத்ததற்கு அக்காவுக்கும் அபராதம் வரலாம். எழுதவில்லை என்றால் கட்டிடம் அக்காவுடையது, பென்ஷன் கிடையாது. விசாரணைக்கு இரண்டு மாதத்துக்கு மேல் அவகாசம் இருந்தது.

வெளியே வந்ததும், பார்த்தீர்களா, நான் மண்டபத்தில் சொன்னேனே என்று என் வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன். அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு, சொல்லித் தொலை, உள்ளே வைத்தால் உனக்கு நெஞ்சடைக்கும் என்றார்.

அன்று சாயங்காலமே தம்பி வீட்டுக்குப் போனோம். நான் வாசலிலேயே நிற்கிறேன் என்றேன். சாட்சிக்கு ஒரு ஆள் வேண்டும் என்று அக்கா என்னையும் உள்ளே இழுத்துக்கொண்டு போனார். டைல்ஸ்காரர் வீட்டில் சுவரில்கூட டைல்ஸ். எங்கே உட்கார்ந்தாலும் நம் முகமே நமக்குத் தெரிந்தது.

அவர் நோட்டீஸைப் படித்துவிட்டு, இதற்கா இந்தப் பதற்றம் என்றார். மாதாமாதம் பென்ஷன் பணத்தைத் தானே தந்துவிடுவதாகவும், அதைவிடக் கொஞ்சம் கூடவே தருவதாகவும் சொன்னார். பழைய தொகையைத் திருப்பிக் கட்ட வேண்டுமென்றால் அதையும் கட்டிவிடுவாராம். அக்கா எங்கேயும் போகவும் வேண்டாம், எதையும் எழுதவும் வேண்டாம்.

"நீ தர்றதும் அது வர்றதும் ஒண்ணா?" என்று அக்கா கேட்டார்.

"என்னக்கா வித்தியாசம்? பணம் பணந்தானே."

"அது வந்தா நான் யாரு முகத்தையும் பாக்க வேண்டியதில்ல."

"என் முகத்தப் பாக்க உனக்குக் கஷ்டமா இருக்கா?"

அக்கா அவர் கையிலிருந்த நோட்டீஸைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பிறகு வேறு ஒன்று கேட்டார். "உனக்குப் பென்ஷன் வருதா?"

தம்பிக்கும் பென்ஷன் வயது வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவர் டீ கிளாஸைக் கையில் எடுத்தார், குடிக்கவில்லை. சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்த அவர் மனைவிதான் சொன்னார்.

"வருது அண்ணி. முழுசா வருது. அவர் பேர்ல ஒண்ணுமே இல்லையே."

ஒரு கடை மனைவி பேரில், இன்னொன்று மகன் பேரில், வீடு மாமனார் பேரில், கட்டிடம் அக்கா பேரில். ஏட்டில் பார்த்தால் டைல்ஸ்காரர் எங்கள் கேண்டீன்காரம்மாவைவிட ஏழை. தம்பி திரும்பி மனைவியை முறைத்தார். அந்த அம்மா ஒன்றும் நடக்காத மாதிரி காலி கிளாஸ்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

கிளம்பும்போது தம்பி குரல் மாறியது. "என் பேர மட்டும் எழுதிடாதக்கா. பேங்க்ல பெரிய கடன் ஓடுது. ஒரு நோட்டீஸ் வந்தாலும் மொத்தமா கேப்பான். கடைய மூட வேண்டியதுதான்." மிரட்டலா, கெஞ்சலா என்று எனக்குப் பிடிபடவில்லை. இரண்டும் இருந்தது.

முதல் மாதம் கடை ஆள் கவர் கொண்டுவந்தான். அக்கா திருப்பி அனுப்பிவிடலாம் என்றுதான் இருந்தாராம். ஆனால் வாடகை கேட்டு வீட்டுக்காரர் வந்துபோயிருந்தார், கண்ணுக்கு ஊற்றும் மருந்தும் தீர்ந்திருந்தது. வாங்கிக்கொண்டார். அதை என்னிடம் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை.

இரண்டாவது மாதம் கவர் வரவில்லை. காத்துப் பார்த்தார். பிறகு போன் செய்தார். சரக்கு வந்து இறங்கியதில் மறந்துவிட்டேன் என்றார் தம்பி. போனை வைக்காமலே பக்கத்தில் யாரிடமோ, "எங்க அக்காவுக்குக் கொஞ்சம் காசு குடுத்தனுப்பணும், பாவம்" என்று சொன்னது இவர் காதில் விழுந்துவிட்டது.

அந்தப் பாவம் என்ற ஒரு சொல்தான். கண் மங்கியதைத் தாங்கியவர், பென்ஷன் நின்றதைத் தாங்கியவர், அதைத் தாங்கவில்லை.

மறுநாள் காலை என் வீட்டுக் கதவைத் தட்டினார். கடைத்தெருவுக்குப் போக வேண்டும் என்றார். எதற்கு என்று கேட்டேன்.

"என் கட்டிடத்தப் பாக்க" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது. வழியெல்லாம், வேண்டாம் அக்கா, வக்கீல் யாரையாவது கேட்டுக்கொண்டு செய்வோம் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அவர் காதில் வாங்கவில்லை.

மூன்று கடையில் நடுக்கடை மருந்துக்கடை. மருந்துக்கடைக்காரர் எங்கள் இரண்டு பேரையும் மருந்து வாங்க வந்தவர்கள் என்று நினைத்துச் சீட்டைக் கேட்டார். அக்கா, பென்ஷன் ஆபீஸில் கொடுத்த சொத்து நகலை அவர் முன்னால் வைத்தார்.

"இந்தக் கட்டிடம் என்னோடது. அரசாங்கமே சொல்லுது. இந்த மாசத்துலேர்ந்து வாடகைய என்கிட்ட குடுங்க."

அவர் சிரித்தார். பிறகு நகலைப் படித்தார். மறுபடியும் படித்தார். பிறகு பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டார். அவர் செல்போன் ரிப்பேர் செய்பவர். கையில் திருப்புளியோடு வந்து எட்டிப் பார்த்தார். அப்படியானால் டைல்ஸ்காரர் யார் என்று கேட்டார். அக்கா, அது எனக்குத் தெரியும், அரசாங்கத்துக்குத் தெரியாது என்றார். மருந்துக்கடைக்காரர் மெல்லப் பின்பக்கம் போய்ப் போன் செய்வது கண்ணாடியில் தெரிந்தது. நான் அக்காவின் கையைத் தொட்டு, போய்விடலாம் என்றேன். அவர் நகலைத் திரும்ப எடுத்துக்கொண்டு, கடை வாசலில் போட்டிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

தம்பி பைக்கில் வந்தார். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. வந்த வேகத்தில் அக்காவின் கையிலிருந்த தாளைப் பிடுங்கினார். அக்கா எழுந்து அதைப் பிடிக்கப் போனார். மங்கின கண்ணுக்குப் படி தெரியவில்லை. கால் தவறி, முழங்கால் படியில் அடித்து, பக்கவாட்டில் சாய்ந்தார். நான் ஒரு பக்கம் பிடிக்க, மறுபக்கம் பிடிக்கத் தம்பிதான் முதலில் குனிந்தார். அக்கா அவர் கையைத் தட்டிவிட்டார். தெருவில் போனவர்கள் நின்றார்கள். எதிர்க்கடைகளிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன.

தம்பி ஹெல்மெட்டைக் கழற்றினார். முகம் சிவந்து வேர்த்திருந்தது.

"என்னக்கா செய்யற? நான் வாங்கின கட்டிடம். என் வேர்வை. என் கட்டிடம்."

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நேராக நின்றார். முழங்காலில் ரத்தம் கசிந்து துணியில் படர்ந்துகொண்டிருந்தது.

"இத இப்ப சொன்ன மாதிரியே சத்தமா, ஆபீஸ்லயும் வந்து சொல்லு. நான் வாடகையும் கேக்க மாட்டேன், ஒண்ணும் கேக்க மாட்டேன். சொல்ல மாட்டேன்னா, இது என்னோடது. ரெண்டுல ஒண்ணு. உனக்கு வேணும்னா உன்னோடது, வேண்டாம்னா என்னோடதுன்னு ரெண்டு பக்கமும் ஓட்ட முடியாது."

தம்பி கையை ஓங்கிவிடுவாரோ என்று நான் நடுவில் நகர்ந்தேன். அவர் ஓங்கவில்லை. சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். அவருக்கு டைல்ஸ் வாங்க வருகிறவர்களும், கடன் தந்தவர்களும் அதில் இருந்தார்கள். "உன்ன அம்மா மாதிரி நெனச்சேன்" என்றார் கடைசியாக. தம்பி தாளை ஸ்டூல் மேல் வைத்துவிட்டு, பைக்கைத் தள்ளிக்கொண்டே போனார். ஸ்டார்ட் செய்யக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

மருந்துக்கடைக்காரரே பஞ்சும் மருந்தும் எடுத்துவந்து முழங்காலுக்குக் கட்டுப் போட்டார். காசு வாங்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று நினைத்திருப்பார். யார் உரிமையாளர் என்று அவருக்கு இன்னும் முடிவாகவில்லையே.

விசாரணைக்கு முந்தின நாள் அக்கா என்னிடம், தம்பி வராவிட்டாலும் எல்லாவற்றையும் சொல்லிவிடப் போகிறேன் என்றார். அவன் பேரையும் எழுதுவேன், நான் போட்ட கையெழுத்தையும் சொல்வேன், வருகிறது வரட்டும் என்றார். பேங்க் கடன், கடை எல்லாம் போய்விட்டால் என்று நான் இழுத்தேன். "நான் வளத்த பிள்ளைடா அவன். அத நெனக்காம இருப்பேனா?" என்றார். என்னை அவர் டா போட்டது அதுதான் முதல் தடவை.

ஆபீஸில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். எங்களுக்கு முன்னால் மூன்று பேர். ஒவ்வொருவராக உள்ளே போய் வந்தார்கள். ஒரு பெரியவர் வெளியே வந்து சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றார். அக்கா கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். யார் உள்ளே நுழைந்தாலும் அவர் உடம்பு ஒரு தடவை நிமிரும், பிறகு தளரும். பேரைக் கூப்பிட்டுவிட்டார்கள். எழுந்தோம். அப்போதுதான் தம்பியின் மனைவி வந்தார். பின்னால், பத்தடி தள்ளி, தம்பி.

அவரை எது கொண்டுவந்தது என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பாசம் என்று சொல்ல ஆசைதான். ஆனால் நடந்தது வேறு. அவர் மனைவி உட்கார வைத்துக் கணக்குச் சொல்லியிருக்கிறார். அண்ணி பிடிவாதமாக நின்றால் கட்டிடம் அவருடையதுதான். நாளைக்கு அவர் யாருக்கு எழுதிவைத்தாலும் கேட்க முடியாது. பேங்க் கடனுக்கு ஒரு கடையை விற்றால் போதும், உங்களுக்கு மாதாமாதம் வரும் அற்பப் பென்ஷனுக்காக ஒரு முழுக் கட்டிடத்தை விடப் போகிறீர்களா என்று கேட்டாராம். இதையெல்லாம் பிறகு அக்காவிடம் அந்த அம்மாவே சொன்னார், கொஞ்சம்கூடக் கூசாமல்.

உள்ளே தம்பி நின்றுகொண்டே பேசினார். கட்டிடம் தன்னுடையது, வாங்கியது தான், வாடகை வாங்குவது தான், அக்காவுக்கு அதில் ஒரு பைசா வந்ததில்லை என்று சொன்னார். அதிகாரிப் பெண் எழுதிக்கொண்டே வந்தார். அதிகாரி ஒரு இடத்தில் நிமிர்ந்து, அப்படியானால் உங்கள் சொத்து விவரத்தில் ஒன்றுமில்லை என்று எழுதியது பொய்தானே என்று கேட்டார். தம்பி ஆமாம் என்றார். அக்கா தலையைக் குனிந்துகொண்டார். ஜெயித்தவர் முகமாக அது இல்லை.

தம்பிக்குப் பென்ஷன் நின்றது. வாங்கியதை வட்டியோடு கட்டச் சொன்னார்கள். வரித்துறையும் ஒரு சுற்று வந்துபோனது. ஒரு கடையை விற்று பேங்க் கடனை அடைத்தார். அக்காவுக்குப் பென்ஷன் திரும்ப வந்தது, முழுதாக இல்லை. பேரை இரவல் கொடுத்ததற்குப் போட்ட அபராதத்தை மாதாமாதம் அதிலேயே பிடித்துக்கொண்டார்கள். இல்லாதவர்களுக்குக் கூட்டித் தருவோம் என்றார்களே, அந்தக் கூடுதல் தொகை, விதியை மீறியவர் என்பதால் அவருக்குக் கிடையாது என்று ஆனது. சட்டத்துக்காக மண்டபத்தில் நின்று பேசிய ஒரே ஆளுக்குச் சட்டத்தால் நயா பைசா லாபமில்லை.

கேண்டீன்காரம்மாவுக்கு மட்டும் கூட்டித் தந்தார்கள். அதைச் சொல்லாமல் விட்டால் நான் நியாயமாகக் கதை சொல்கிறவன் இல்லை.

தம்பி பேசுவதை நிறுத்திவிட்டார். அக்கா ஒருதரம் போன் செய்தார், எடுக்கவில்லை. கடை வழியாகப் போகும்போது உள்ளே விளக்கு எரிகிறதா என்று மட்டும் பார்ப்பார். தம்பியின் மனைவி எப்போதாவது வந்து, உட்காராமலே நின்று, வீட்டுச் சேதியைச் சொல்லிவிட்டுப் போவார்.

சட்டத்தை எதிர்த்துச் சங்கம் மறுபடி கூடியபோது, அடிபட்டவர் நீங்கள், இப்போது வந்து பேசுங்கள் என்று அக்காவைக் கூப்பிட்டார்கள். அவர் மேடை ஏற மறுத்துவிட்டார். என்னிடம் மட்டும் சொன்னார்.

"இருக்கிறவனுக்குக் குடுக்காதன்னுதான் இன்னிக்கும் சொல்வேன். ஆனா இருக்கிறவன் யாருன்னு கண்டுபிடிக்கிற வேலைய இல்லாதவன் தலையில கட்டக் கூடாது. என் தம்பியப் பிடிக்க என்னைத் தூண்டில்ல மாட்டினாங்க."

அதனால்தான் எல்லாருக்கும் கொடு என்று நான் சொல்கிறேன் என்றேன். மூணு மாடிக்காரனுக்குமா என்றார். ஆமாம், வரியில் பிடித்துக்கொள்ளட்டும் என்றேன். வரியை ஏமாற்றத்தானேடா அவன் என்னைக் கையெழுத்துப் போட வைத்தான் என்றார். இன்றுவரை நாங்கள் ஒத்துப்போகவில்லை.

அன்று கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது, எங்கள் பட்டறையின் பழைய வாட்ச்மேன் வாசலில் வழிமறித்தார். அவருக்கு ஊர் ஓரத்தில் ஓட்டு வீடு ஒன்று. அதன் பக்கத்தில் பெரிய ரோடு வந்ததில் இடத்தின் மதிப்பு எங்கேயோ போய்விட்டது. விற்கவும் மனசில்லை, விற்றால் போக இடமும் இல்லை. பென்ஷன் பாதியாகிவிட்டது. "நீ அன்னிக்கு எந்திரிச்சுப் பேசினியே, பேப்பர்ல போட்டாங்களே. இப்ப நான் எதத் திங்கறது? அந்தப் பேப்பரயா?" என்று அவர் அக்காவின் முகத்துக்கு நேராகக் கேட்டார். இன்னும் நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். ஒருவர் தகாத வார்த்தை ஒன்று சொன்னார். நான் வாயைத் திறந்தேன். அக்கா என்னைத் தடுத்துவிட்டார்.

அவர் வாட்ச்மேனிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. தான் பேசியது சரி என்றும் வாதாடவில்லை. உங்களிடம் என்ன நோட்டீஸ் இருக்கிறது, எடுத்துக்கொண்டு நாளைக்குக் காலையில் ஆபீஸுக்கு வாருங்கள், குடியிருக்கும் வீட்டுக்குச் சலுகை இருக்கிறது, அதைக் கணக்கில் எடுத்தார்களா என்று கேட்போம் என்றார். வாட்ச்மேன் நம்பவில்லை. திட்டிக்கொண்டேதான் போனார்.

மறுநாள் வாட்ச்மேன் வந்திருந்தார். அக்கா அவருக்கு முன்பே போய் பெஞ்சில் இடம் பிடித்து வைத்திருந்தார். இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் பேசாமல், நடுவில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டு, அந்த அதிகாரிப் பெண் கூப்பிடும் வரை உட்கார்ந்திருந்தார்கள்.